தோட்ட ரயிலுக்குக் குரல்: குறைந்த செலவில் எது தேறும்?

1968-ல் ஜெர்மனியின் நூரம்பெர்க் நகரத்து லேமன் நிறுவனம் எல்ஜிபி என்ற பெயரில் ஒரு பொம்மை ரயிலைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. பொம்மை என்றுதான் பெயர். எஞ்சினைத் தூக்க இரண்டு கையும் வேண்டும். 45 மில்லிமீட்டர் அகலத் தண்டவாளம், வெயிலுக்கும் மழைக்கும் தாங்கும் பிளாஸ்டிக், கூடத்தை விட்டு இறங்கித் தோட்டத்து மண்ணில் ஓடும்படியான கட்டுமானம். நிஜமான மீட்டர் கேஜ் பாதையை 22.5 மடங்கு சுருக்கினால் ஏறத்தாழ இந்த அகலம் வரும். (நம் ஊட்டி மலை ரயிலும் மீட்டர் கேஜ்தான். அதை மாதிரியாகச் செய்ய நினைப்பவர் அளவுக் கணக்கில் எதையும் வளைக்க வேண்டியதில்லை.) பிறகு அமெரிக்கர்கள் இதே தண்டவாளத்தில் 1:32, 1:29, 1:20.3 என்று ஆளுக்கொரு அளவில் ரயில் ஓட்ட ஆரம்பித்தார்கள். பிரிட்டனில் 1:19 அளவுக்கு ஒரு பெரிய கூட்டமே இருக்கிறது. எல்லாவற்றையும் சேர்த்துப் பொதுவாகத் தோட்ட ரயில் என்கிறார்கள்.

பெரிய உருவத்தால் ஒரு தனி லாபம் உண்டு. 1:87 அளவுள்ள ஹெச்ஓ எஞ்சினுக்குள் நகத்தளவு ஸ்பீக்கர் வைக்கவே இடம் தேட வேண்டும். தோட்ட ரயிலின் டெண்டரில், அதாவது கரியும் தண்ணீரும் சுமந்து எஞ்சினுக்குப் பின்னால் வரும் வண்டியில், மூன்று அங்குல ஸ்பீக்கர் தாராளமாக உட்காரும். இடத்துக்குப் பஞ்சமில்லை, பணத்துக்குத்தான். பேர்போன ஒலிக் கருவிகள் ஸ்பீக்கரோடு சேர்த்து 200 டாலரைச் சாதாரணமாகத் தாண்டுகின்றன. அந்தக் காசுக்கு நல்ல நிலையில் உள்ள பழைய எஞ்சின் ஒன்றையே வாங்கிவிடலாம். நான்கைந்து எஞ்சின் வைத்திருப்பவர் எல்லாவற்றுக்கும் குரல் கொடுக்கப் புறப்பட்டால் கையைக் கடிக்கும். அப்படியானால் எவ்வளவு செலவில் காதுக்கு உறுத்தாத ஓசை கிடைக்கும்? அந்தச் செலவை எதில் போடுவது?

இரண்டாவது கேள்விதான் முக்கியம். அதில்தான் பெரும்பாலோர் வரிசையைத் தலைகீழாகப் போடுகிறார்கள். முதலில் விலையுயர்ந்த சவுண்ட் கார்டு, பிறகு மிச்சக் காசில் ஏதோ ஒரு ஸ்பீக்கர், சக்கரத்தோடு ஓசையை இணைக்கும் வேலை ‘அப்புறம் பார்க்கலாம்’. என் கணிப்பில் காது மதிப்பெண் போடும் வரிசை வேறு: முதலில் தாளம், அடுத்து ஸ்பீக்கரும் அதன் பெட்டியும், கடைசியாகத்தான் கார்டு.

தாளம் என்பது இதுதான். சிலிண்டரில் வேலை முடித்த நீராவி, வால்வு திறந்ததும் புகைபோக்கி வழியே பீறிட்டு வெளியேறுகிறது. நாம் கேட்கும் ‘குப்’ அதுவே. பிஸ்டன் போகும்போது ஒன்று, திரும்பும்போது ஒன்று. இரண்டு சிலிண்டர் உள்ள எஞ்சினில் இயக்குசக்கரம் ஒரு சுற்று சுற்றினால் நான்கு ‘குப்’. மூன்று சிலிண்டர் என்றால் ஆறு. மரம் வெட்டும் காடுகளில் ஓடிய ஷே போன்ற பல்சக்கர எஞ்சின்களில் சக்கரம் நகர்வது ஆமை வேகம், ஓசையோ மூச்சிரைக்க ஓடும். ரயிலை நேரில் பார்த்துப் பழகிய யாருக்கும் இந்த எண்ணிக்கை வாயால் சொல்லத் தெரியாது. ஆனால் பிசகினால் உடனே தெரிந்துவிடும். சக்கரம் நின்ற பிறகு ஒரு ‘குப்’ கேட்டால் எட்டு வயதுப் பையன்கூடத் திரும்பிப் பார்ப்பான்.

மலிவான கார்டுகள் பலவும் மோட்டாருக்குப் போகும் மின்னழுத்தத்தைப் பார்த்து வேகத்தை ஊகிக்கின்றன. சமதளத்தில் இது ஒருவாறு சரிவரும். ஏற்றத்தில் எஞ்சின் திணறி மெதுவாகும்போதும் மின்னழுத்தம் அப்படியேதான் இருக்கும். ஓசை தன்பாட்டில் பழைய வேகத்தில் ஓடும். இதற்கு மருந்து அற்ப விலைதான்: அச்சில் நான்கு சிறு காந்தங்கள், எதிரே ஒரு ரீட் சுவிட்ச். காந்தம் கடக்கும்போதெல்லாம் சுவிட்ச் மூடி, கார்டுக்குச் சைகை கொடுக்கும். பாக்மன் நிறுவனத்தின் பிக் ஹாலர் எஞ்சினில், 9 வோல்ட் பேட்டரியில் ஓடிய எளிய டெண்டர் ஓசைகூடச் சக்கர அச்சிலுள்ள தொடுமுனையைக் கொண்டுதான் இயங்கியது. சத்தம் என்னவோ சுமார் ரகம். ஆனால் சக்கரத்தோடு ஒட்டிப் போனதால் அதை ரசித்தவர்கள் அதிகம். ஆகவே கார்டு வாங்கும்போது வெளியிலிருந்து சைகை வாங்கும் முனை இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாத கார்டை நீராவி எஞ்சினுக்கு வாங்காதீர்கள்.

வேகத்தைப் பற்றியும் ஒரு கணக்கு. நிஜ எஞ்சினின் இயக்குசக்கரம் ஒரு மீட்டர் விட்டம் என்று கொள்வோம். மணிக்கு 30 கிலோமீட்டரில் அது விநாடிக்குச் சுமார் 2.65 சுற்று சுற்றும். ‘குப்’ ஏறத்தாழ 10. மாதிரியிலும் இதே எண்ணிக்கைதான் வர வேண்டும். 1:22.5 அளவில் 30 கிலோமீட்டர் வேகம் என்பது விநாடிக்கு 37 சென்டிமீட்டர். நாம் ஓட்டுவதோ பெரும்பாலும் அதைவிட வேகமாக. விநாடிக்கு ஒரு மீட்டர் ஓட்டினால் அளவுப்படி அது மணிக்கு 81 கிலோமீட்டர். விநாடிக்கு 28 ‘குப்’ வரும். அந்த வேகத்தில் எந்தக் காதாலும் தனித்தனியாகப் பிரிக்க முடியாது. எல்லாம் சேர்ந்து ஒரே உறுமலாகிவிடும். இருநூறு டாலர் கார்டு வாங்கியும் ‘சத்தம் சரியில்லை’ என்று அலுத்துக்கொள்பவர்களில் பாதிப் பேர், செலவே இல்லாமல் ரயிலை மெதுவாக ஓட்டினால் போதும்.

இனி ஸ்பீக்கர். இங்கேதான் காசு பேசும், அதுவும் சிறிய காசு. ஸ்பீக்கர் கூம்பு முன்னால் தள்ளும்போது பின்புறம் இழுக்கிறது. முன் அலையும் பின் அலையும் ஒன்றையொன்று சந்தித்தால் தாழ்ந்த சுரங்கள் அடித்துக்கொண்டு காணாமல் போகும். மேசைமேல் வெறுமனே கிடக்கும் ஸ்பீக்கர் கீச்சென்று கத்துவது அதனால்தான். குடம் இல்லாத வீணை மாதிரிதான் பெட்டி இல்லாத ஸ்பீக்கர். டெண்டரையே பெட்டியாக்கிவிடலாம்: கம்பி வரும் ஓட்டைகளையும் மூலை இடுக்குகளையும் சிலிக்கானால் அடைத்து, ஸ்பீக்கரின் விளிம்பைச் சுற்றிக் காற்று புகாமல் ஒட்டினால் போதும். முடித்த பிறகு கூம்பை விரலால் மெல்ல அழுத்திப் பாருங்கள். தயங்கித் தயங்கி மீண்டால் பெட்டி அடைந்திருக்கிறது. சட்டென்று மீண்டால் எங்கோ கசிகிறது.

முகத்தை எந்தப் பக்கம் வைப்பது? கரிக்குவியலுக்கு அடியில் மேல்நோக்கி வைத்தால் தெளிவாகக் கேட்கும், மழைத்துளியும் நேரே விழும். தரையைப் பார்க்க வைத்து, டெண்டரின் அடித்தட்டில் துளைகள் போடுவதே தோட்டத்துக்குப் பொருத்தம். ஒலி ஜல்லியில் பட்டுப் பரவும். உயர்ந்த சுரங்கள் கொஞ்சம் மங்கும், ஆனால் பல கார்டுகளின் கரகரப்பும் அந்த மங்கலில் மறைந்துவிடும். காகிதக் கூம்பைத் தவிர்த்து மைலார் கூம்பு வாங்குவது நல்லது, பனியில் ஊறாது.

வாட் எண்ணைப் பார்த்து மயங்க வேண்டாம். ஆம்ப்ளிஃபயரின் திறனை இரண்டு மடங்காக்கினால் கூடுவது 3 டெசிபல் மட்டும். காதுக்கு ‘இரண்டு மடங்கு சத்தம்’ என்று தோன்ற ஏறத்தாழ 10 டெசிபல் வேண்டும், அதாவது பத்து மடங்கு வாட். ஆனால் அதே ஒரு வாட்டில் 3 டெசிபல் கூடுதலாக ஒலிக்கும் ஸ்பீக்கரை எடுத்தால், காசு செலவில்லாமல் ஆம்ப்ளிஃபயரை இரட்டித்ததற்குச் சமம். ஸ்பீக்கரின் விவரத்தாளில் இந்த உணர்திறன் எண் அச்சிட்டிருக்கும். அதை யாரும் படிப்பதில்லை. ஓம் எண்ணையும் கவனியுங்கள். 8 ஓமுக்குச் செய்த கார்டில் 4 ஓம் ஸ்பீக்கரை மாட்டினால் ஆம்ப்ளிஃபயர் இரண்டு மடங்கு மின்னோட்டம் கொடுக்க முயன்று சூடாகிச் சாகும். இரண்டு 8 ஓம் ஸ்பீக்கர்களைப் பக்க இணைப்பில் போட்டாலும் 4 ஓம்தான் வரும்.

டீசல் எஞ்சின் வைத்திருப்பவருக்கு ஸ்பீக்கர் இன்னும் முக்கியம். அமெரிக்க ஜிபி9 எஞ்சினை எடுத்துக்கொள்வோம். அதிலிருக்கும் இஎம்டி 567 ரக எஞ்சினுக்கு 16 சிலிண்டர். இரண்டு வீச்சு வகை. எனவே ஒரு சுற்றில் 16 முறை வெடிக்கும். நின்றபடி ஓடும்போது நிமிடத்துக்குச் சுமார் 275 சுற்று; விநாடிக்கு 73 வெடிப்பு. அதாவது அடிப்படைச் சுரம் 73 ஹெர்ட்ஸ். மூன்று அங்குல ஸ்பீக்கரால் அதை முழுதாகக் கொடுக்க முடியாது. நல்லவேளை, மேல் அடுக்குச் சுரங்கள் தெளிவாக இருந்தால் கீழே விடுபட்டதைக் காது தானே நிரப்பிக்கொள்கிறது. இரண்டு அங்குலத்துக்குக் கீழே போனால் நிரப்பிக்கொள்ளவும் ஒன்றும் மிஞ்சாது. முழு எஞ்சின் தையல் மெஷின் மாதிரி ஒலிக்கும்.

இப்போது கார்டுகளுக்கு வருவோம். அடித்தட்டில் இருப்பவை எளிய, தனித்தியங்கும் கார்டுகள். மைலோகோசவுண்ட் இந்த வகையில் பலர் அறிந்த பெயர். நூறு டாலருக்கு உள்ளேயே முடியும். வழக்கமான மின்சாரப் பாதையிலும் ஓடும், பேட்டரியிலும் ஓடும். இதன் அமைப்புகளை வீட்டில் கிடக்கும் டிவி ரிமோட்டாலேயே மாற்றலாம். கேட்பதற்குச் சின்ன விஷயம், செலவில் பெரிய விஷயம். ஏனென்றால் விலையுயர்ந்த கார்டுகளில் ஒலியை மாற்ற, அந்தந்த நிறுவனத்தின் தனிக் கருவியைக் கணினியோடு இணைக்க வேண்டும். ஈஎஸ்யு நிறுவனத்தின் லோக்புரோகிராமர் அத்தகையது. கார்டின் விலைப்பட்டியலில் இதன் விலை தெரியாது. ஒரே ஒரு எஞ்சின் வைத்திருப்பவருக்கு அது சுமை. பத்து எஞ்சின் வைத்திருப்பவருக்குப் பங்கிட்டால் ஒன்றுமில்லை.

நீராவிக்கு எளிய கார்டு போதும் என்பதற்கு இயற்பியலே சாட்சி. பீறிடும் நீராவியின் ஓசை, எல்லாச் சுரங்களும் கலந்த இரைச்சல்தான். மின்சுற்றாலேயே அதை ஓரளவு நம்பும்படி உருவாக்கிவிடலாம். விசில்தான் காட்டிக்கொடுக்கும். அமெரிக்க எஞ்சின்களின் விசில் பல சுரங்கள் சேர்ந்து ஒலிப்பது. மலிவான கார்டில் அது பிளாஸ்டிக் ஊதலாகிவிடும். டீசலுக்கோ இந்தச் சலுகை கிடையாது. டர்போவின் சீற்றம், வேகம் கூட்டும்போது எஞ்சின் படிப்படியாக ஏறும் விதம் எல்லாம் நிஜ எஞ்சினில் பதிவு செய்ததாக இருந்தால்தான் எடுபடும். ஆகவே காசு குறைவு என்றால் நீராவிக்கு மலிவும் டீசலுக்குச் சற்று மேலும் போகலாம். மின்சார எஞ்சினுக்கு ஹாரனும் ஒரு காற்றாடி இரைச்சலும் போதும். அதற்காக இருநூறு டாலர் கொடுப்பது வீண்.

பதிவு செய்த ஒலிகளோடு தோட்ட ரயிலுக்கென்றே வந்தவற்றில் அமெரிக்காவின் ஃபீனிக்ஸ் நீண்ட காலமாகப் பெயர் பெற்றது. டிஜிட்டல் கட்டளை முறையான டிசிசியில் ரயில் ஓட்டுபவர்களுக்கு ஈஎஸ்யு லோக்சவுண்ட், மாசோத், ஆஸ்திரியாவின் சிமோ, கொலராடோ மாநிலம் டுராங்கோவிலிருந்து வரும் சவுண்ட்டிராக்ஸ் எல்லாம் உண்டு. இவை மோட்டார் திருப்பி அனுப்பும் மின்னழுத்தத்தை அளந்து சுமையை அறிகின்றன. ஏற்றத்தில் ‘குப்’ கனக்கும். இறக்கத்தில் நீராவி அடங்கி, இணைப்புத் தண்டுகள் கிணுகிணுப்பது மட்டும் கேட்கும். இந்த ஒரு நயத்துக்காகவே காசு கொடுக்கலாம் என்பவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். மலைப்பாதை போட்டிருந்தால் அவர்கள் பக்கமே நியாயம். சமதளத்தில் வட்டமடிக்கும் ரயிலுக்கு அந்த நயம் வெளிப்படச் சந்தர்ப்பமே வராது.

டிசிசிக்காரர்களுக்கு ஒரு குறுக்குவழி இருக்கிறது. டிசிசி கட்டளையை வாங்கி எஞ்சினை இயக்கும் பலகைக்கு டீகோடர் என்று பெயர். தோட்ட அளவு டீகோடரில் பாதி விலை, பெரிய மோட்டாருக்கு மின்னோட்டம் கொடுக்கும் பகுதிக்குத்தான். ஹெச்ஓ அளவுச் சவுண்ட் டீகோடர் ஏறத்தாழ பாதி விலைக்குக் கிடைக்கும். அது ஒரு ஆம்பியர் அளவுக்குத்தான் தாங்கும். அதன் மோட்டார் கம்பிகளைக் காற்றில் விட்டுவிட்டு ஓசைக்கு மட்டும் வைத்துக்கொண்டு, மோட்டாரை ஒலியில்லாத மலிவான பெரிய டீகோடரிடம் விட்டால் வேலை முடிந்தது. இரண்டுக்கும் ஒரே முகவரி எண் கொடுக்க வேண்டும். ஒரே எச்சரிக்கை: தோட்டப் பாதையில் மின்னழுத்தம் 20 வோல்ட்டுக்கும் மேல் போகும்; அந்தச் சிறு டீகோடர் அதைத் தாங்குமா என்று விவரத்தாளில் பார்த்த பிறகே தண்டவாளத்தில் வையுங்கள். சுமைக்கு ஏற்ப ஓசை மாறும் வசதியும் இந்த ஏற்பாட்டில் போய்விடும்.

கையால் செய்பவர்களின் உலகம் தனி. டிஎஃப்பிளேயர் மினி என்ற சிறு எம்பி3 பலகை, அதிகபட்சம் 32 ஜிபி மைக்ரோஎஸ்டி கார்டை ஏற்கும். அதிலேயே சிறு ஆம்ப்ளிஃபயரும் உண்டு. இந்தியாவில் சில நூறு ரூபாய்க்குள் முடியும். மணி, விசில், பிளாட்பார அறிவிப்பு, நின்றிருக்கும் டீசலின் உறுமல் எல்லாவற்றுக்கும் இது அருமை. ‘குப்’புக்கு மட்டும் ஆகாது. கட்டளை கிடைத்த பின் கோப்பைத் திறந்து ஒலிக்கச் சிறிது நேரம் எடுக்கும். விநாடிக்குப் பத்து முறை என்று கேட்டால் தடுமாறும். அதற்கு ஒலித்துணுக்கைத் தன் நினைவகத்திலேயே வைத்துக்கொள்ளும் ஈஎஸ்பி32 போன்ற மைக்ரோகன்ட்ரோலர் தேவை; கொஞ்சம் புரோகிராம் எழுதவும் வர வேண்டும். டீசல் உறுமலைச் சுழற்சியாக ஓடவிட்டால் கோப்பு முடிந்து மீண்டும் தொடங்கும் இடத்தில் ஒரு விக்கல் கேட்கும். பத்து நிமிடக் கோப்பாகச் செய்துவிட்டால் அதை யாரும் கவனிக்க மாட்டார்கள். தனி ஆம்ப்ளிஃபயர் வேண்டுமென்றால் பிஏஎம்8403 பலகை மலிவு. அதன் ஸ்பீக்கர் முனை எதையும் பூமிக் கம்பியோடு சேர்க்கக் கூடாது. சேர்த்தால் சில்லு போய்விடும்.

இதற்கும் நேரமில்லாதவர் ஒரு சரக்குப் பெட்டிக்குள் புளூடூத் ஸ்பீக்கரை வைத்து, கைபேசியிலிருந்து ரயில் ஓசையை ஓடவிடலாம். தாளம் சேராது. டீசல் ரயிலுக்கு அதுவே போதும், குழந்தைகள் கூடும் நாளில் நீராவிக்கும் ஓடும். ஆனால் சரக்குப் பெட்டி என்ற யோசனையைத் தள்ளிவிடாதீர்கள். நல்ல கார்டு, பெரிய ஸ்பீக்கர், பேட்டரி மூன்றையும் ஒரு பெட்டிக்குள் அமைத்து, அதன் சக்கர அச்சிலேயே காந்தங்களைப் பொருத்திவிட்டால், எந்த எஞ்சினுக்குப் பின்னால் மாட்டினாலும் பேசும். நான்கு எஞ்சினுக்கு ஒரு குரல் என்றால் நான்கில் ஒரு பங்குச் செலவு. பெட்டியின் சக்கரம் இயக்குசக்கரத்தைவிடச் சிறியது. விட்ட விகிதத்தைப் பார்த்துக் காந்த எண்ணிக்கையைக் குறைத்துக்கொள்ள வேண்டும். பாதி விட்டம் என்றால் இரண்டு காந்தம்.

மின்சாரம் பற்றிச் சுருக்கமாக. பாதையிலிருந்து மின்சாரம் எடுக்கும் பழைய முறையில் ரயில் நின்றால் மின்சாரமும் நிற்கும். ஸ்டேஷனில் மூச்சு வாங்க வேண்டிய எஞ்சின் ஊமையாகிவிடும். அதைச் சமாளிக்கச் சில கார்டுகள் துணைப் பேட்டரி வைத்திருந்தன. பழைய சியரா கார்டுகள் 6 வோல்ட் ஈய அமில பேட்டரியோடு வந்தவை. அவற்றைப் பழைய சாமான் விற்பவரிடம் மலிவாகப் பார்த்தால், பேட்டரி செத்திருக்கும் என்று கணக்கில் எடுத்துக்கொண்டு விலை பேசுங்கள். இப்போது பலர் பாதை மின்சாரத்தை விட்டு எஞ்சினுக்குள் லித்தியம் பேட்டரியும் ரேடியோ கட்டுப்பாடும் வைத்துக்கொள்கிறார்கள்; தண்டவாளம் துடைக்கும் வேலை மிச்சம், ஓசையும் அறாது. பவர் பேங்க் வைக்க நினைப்பவர்கள் கவனிக்க: இழுக்கும் மின்னோட்டம் குறைந்தால் பல பவர் பேங்குகள் தாமாக அணைந்துவிடும். சிறு ஒலிக் கார்டு மட்டும் மாட்டினால் அரை நிமிடத்தில் நிசப்தம்தான்.

எவ்வளவு சத்தம் வேண்டும் என்பது அளவைப் பொறுத்தது, அண்டை வீட்டையும் பொறுத்தது. திறந்த வெளியில் தூரம் இரட்டித்தால் 6 டெசிபல் குறையும். ஒரு மீட்டரில் கேட்டது பத்து மீட்டரில் 20 டெசிபல் குறைந்து கேட்கும். அறைக்குள் சுவர் திருப்பித் தருவதைத் தோட்டம் தராது. அதனால் மேசையில் சோதித்து வைத்த அளவு வெளியே போதாமல் தோன்றும், உடனே திருகிவிடுவோம். அது தேவையில்லை. ரயில் அருகே வரும்போது கேட்டு, புதருக்கு அப்பால் போனதும் மங்கினால் நிஜத்துக்கு நெருக்கம். முழு நேரமும் தெரு முழுக்கக் கேட்கும் ரயிலை அரை மணிக்கு மேல் யாரும் தாங்குவதில்லை, உரிமையாளரின் மனைவி முதற்கொண்டு.

மின்னணுவே வேண்டாம் என்பவர்களும் இருக்கிறார்கள். பிரிட்டனின் ரவுண்ட்ஹவுஸ், அமெரிக்காவின் அக்குகிராஃப்ட் போன்றவை எரிவாயுவில் தண்ணீர் கொதிக்கவைத்து நிஜ நீராவியில் ஓடும் எஞ்சின்களைச் செய்கின்றன. அவற்றின் சொந்த ஓசை மெல்லியது. வெளியேறும் நீராவிக் குழாயின் முனையில் ஒரு சிறு அதிர்வுக் குழலைப் பொருத்தினால் ‘குப்’ தெளிவாக உயரும். சம்மர்லேண்ட்ஸ் சஃபர் என்று பிரிட்டனில் விற்பது இதைத்தான். தாளம் பிசக வழியே இல்லை, சுமைக்கு ஏற்பத் தானே கனக்கும். எஞ்சின் விலைதான் எட்டாது. ஏற்கெனவே வைத்திருப்பவருக்கு இதைவிட மலிவான, இதைவிட உண்மையான ஒலிக் கருவி வேறில்லை.

புதிதாகத் தொடங்குபவருக்கு என் சிபாரிசு இது. நீராவி எஞ்சின் ஒன்றிரண்டு என்றால் டிவி ரிமோட்டில் அமைக்கும் எளிய கார்டு, அச்சில் காந்தமும் ரீட் சுவிட்சும், காற்றுப் புகாமல் அடைத்த மூன்று அங்குல மைலார் ஸ்பீக்கர். நான்கைந்து எஞ்சின் என்றால் ஒரே ஒரு ஒலிப் பெட்டி. டீசலும் டிசிசியும் என்றால் ஹெச்ஓ டீகோடர் குறுக்குவழி. இருநூறு டாலர் கார்டை, மலைப்பாதை போட்டு முடித்த பிறகு வாங்கிக்கொள்ளலாம். எதை வாங்குவதானாலும், விற்பவரின் விளம்பர வீடியோவைக் கைபேசி ஸ்பீக்கரில் கேட்டு முடிவெடுக்காதீர்கள். அந்தக் கார்டு பொருத்திய ரயில் ஓடும் தோட்டம் அருகில் இருந்தால், நேரில் போய் ஐந்து மீட்டர் தள்ளி நின்று கேட்டுவிட்டுக் காசைக் கொடுங்கள்.